ஆயுதம் ஏந்த மறுக்கும் கிறிஸ்தவர் பாதிக் குடிமகனா?

கேள்வி இது: "நாட்டின் பாதுகாப்பு, வாக்குரிமை, நீதிமன்றம் எல்லாவற்றையும் அனுபவித்துக்கொண்டு, போருக்கு அழைத்தால் மட்டும் 'என் விசுவாசம் இடம் கொடுக்காது' என்று ஒரு கிறிஸ்தவர் சொல்வது நியாயமா? பைபிள் இதில் எந்தப் பக்கம்? சட்டம் என்ன சொல்கிறது?"

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவ மரபில் இதற்கு நேர்மையான இரண்டு நிலைப்பாடுகள் உள்ளன. எந்தச் சூழ்நிலையிலும் ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது ஒன்று. நியாயமான காரணத்துக்காக, வரம்புக்கு உட்பட்டு எடுக்கலாம் என்பது மற்றொன்று. உலகின் பெரும்பாலான சபைகள் இரண்டாவதைக் கற்பிக்கின்றன. ஆனால் ஓர் இடத்தில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன: கொல்வதா வேண்டாமா என்ற தீர்ப்பை முழுவதுமாக அரசிடம் ஒப்படைத்துவிட்டு, "கட்டளை வந்தது, செய்தேன்" என்று ஒதுங்கிக்கொள்ள எந்தக் கிறிஸ்தவருக்கும் அனுமதி இல்லை. சட்டத்தின் கதை வேறு. எல்லாப் போரையும் மறுப்பவரைப் பல நாடுகளின் சட்டம் இன்று காக்கிறது. இந்தப் போர் அநியாயமானது என்று எடைபோட்டு மறுப்பவரை, அதாவது பெரும்பான்மைச் சபைகளின் போதனையை அப்படியே பின்பற்றுபவரை, அது ஏறக்குறைய எங்குமே காப்பதில்லை. பலர் கவனிக்காத இந்த முரண்தான் எனக்கு இந்த விவாதத்தின் மையமாகத் தெரிகிறது.

பைபிளுக்கு வருவோம். புதிய ஏற்பாட்டில் போர்ச்சேவகர்கள் அடிக்கடி வருகிறார்கள். சிலர் விசுவாசத்துக்கே முன்மாதிரியாக நிற்கிறார்கள். "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று அவர்கள் யோவான்ஸ்நானகனிடம் கேட்டபோது, ஒருவரையும் துன்புறுத்திப் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளம் போதுமென்று இருங்கள் என்றுதான் அவர் பதில் சொன்னார் (லூக்கா 3:14). சேவையை விட்டுவிடச் சொல்லவில்லை. கப்பர்நகூமில் இருந்த நூற்றுக்கு அதிபதி என்ற படைத்தலைவனிடம் கண்ட விசுவாசத்தை இஸ்ரவேலருக்குள்ளும் காணவில்லை என்று இயேசு வியந்தார். அதே பதவியில் இருந்த கொர்நேலியுவின் வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பேதுரு கட்டளையிட்டபோது, பதவியைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அப்போஸ்தலர் நடபடிகளில் இல்லை. இவற்றை வைத்து "பைபிள் இராணுவத்தை ஆதரிக்கிறது" என்று முடிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மௌனம் சம்மதம் ஆகாது. இதே மாதிரியான மௌனத்தைக் காட்டித்தான் நூற்றாண்டுக்கணக்கில் அடிமைமுறைக்கும் வேத ஆதாரம் தேடினார்கள்.

மறுபக்கம் மலைப்பிரசங்கம் இருக்கிறது. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற கட்டளைக்கு இயேசு விதிவிலக்கு எதுவும் சேர்க்கவில்லை. கெத்செமனேயில் தம்மைக் காப்பாற்ற உருவப்பட்ட பட்டயத்தைக்கூட உறையில் போடச் சொன்னார். அவருடைய உயிரைக் காப்பதைவிட நியாயமான காரணம் அந்தச் சீஷனுக்கு வேறு என்ன இருந்திருக்க முடியும்?

ரோமர் 13-ஆம் அதிகாரத்தை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள்: அதிகாரமுள்ளவன் பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை என்ற வசனம். இந்த நிருபத்தை அதிகாரங்களாகப் பிரித்தது அதை எழுதிய பவுல் அல்ல என்பதை நினைவில் வைத்து, 12-ஆம் அதிகாரத்தின் கடைசி வரிகளிலிருந்து தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். பழிவாங்காதிருங்கள், உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குச் சாப்பாடு கொடு என்று சொன்ன அதே மூச்சில்தான் பட்டயத்தைப் பற்றிய பேச்சு வருகிறது. ஏழாம் வசனத்தில், அதிகாரிகளுக்குச் செலுத்த வேண்டியவை எவை என்று பவுல் வரிசைப்படுத்துகிறார்: வரி, தீர்வை, பயம், கனம். போர்ச்சேவை அந்த வரிசையில் இல்லை. அதனால் பவுல் அதை மறுத்தார் என்று நான் வாதிடவில்லை. அந்தப் பகுதி படைச்சேவையைக் கட்டளையாக்குகிறது என்று சொல்ல முடியாது என்பது மட்டுமே என் வாதம்.

குடியுரிமை பற்றிய கேள்விக்கும் பவுலே நல்ல சாட்சி. சவுக்கால் அடிக்கப்படவிருந்த நேரத்தில், விசாரணையில்லாமல் ஒரு ரோமனை அடிப்பது நியாயமா என்று கேட்டுத் தப்பினார் (அப்போஸ்தலர் 22:25). பிறகு ஆளுநர் பெஸ்துவின் முன் நின்று, இராயனுக்கே, அதாவது ரோமப் பேரரசருக்கே மேல்முறையீடு செய்தார். தம் உரிமைகளை அவர் கூச்சமில்லாமல் பயன்படுத்தினார். "நீ எந்தப் படையணியில் பணியாற்றினாய்?" என்று பெஸ்து திருப்பிக் கேட்கவில்லை.

நீங்கள் கேட்ட "நியாயமா?" என்ற கேள்வி பதினெட்டு நூற்றாண்டுகள் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற தத்துவவாதி கிறிஸ்தவர்கள்மீது வைத்த குற்றச்சாட்டு இதுதான்: எல்லோரும் உங்களைப் போலவே நடந்தால் பேரரசர் தனித்து விடப்படுவார், நாடு காட்டுமிராண்டிகளின் கைக்குப் போகும். ஏறத்தாழ 248-ஆம் ஆண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகேன் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். உங்கள் கோயில் பூசாரிகளின் கைகள் கறைபடக் கூடாது என்று அவர்களைப் போருக்கு அனுப்புவதில்லையே. நாங்களும் அப்படியே ஜெபத்தால் பேரரசருக்குத் துணைநிற்கிறோம் என்பது அவர் வாதம். விசுவாசிக்கு அது போதுமான பதில். தன் பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிய பக்கத்து வீட்டுத் தாய்க்கு அது போதாது என்றே நினைக்கிறேன். செல்சஸின் கேள்விக்கு அவரும் ஏற்கக்கூடிய ஒரு பதில் கிடைக்க வெகுகாலம் ஆனது.

அந்தக் காலத்திலும் சபை ஒரே குரலில் பேசவில்லை. பேதுருவின் ஆயுதத்தைப் பறித்ததன் மூலம் கர்த்தர் எல்லாச் சேவகரின் ஆயுதத்தையும் பறித்துவிட்டார் என்று எழுதிய அதே ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், வேறொரு நூலில் பாசறைகளிலும் நாங்கள் நிறைந்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்கிறார். இந்த இரட்டை நிலை முழுவதையும் ஒரே வழக்கில் பார்க்கலாம். 295-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தெவெஸ்தே நகரில், மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞனைப் படையில் சேர்க்க ஆளுநர் டியோன்முன் நிறுத்தினார்கள். "நான் கிறிஸ்தவன், தீமை செய்ய என்னால் முடியாது" என்றான் அவன். பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று டியோன் மடக்கினார். தங்களுக்கு எது தகும் என்பது அவர்களுக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னான் அந்த இளைஞன். தன் மனச்சாட்சிக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவன், சக விசுவாசிகளை நியாயந்தீர்க்க மறுத்தான். அன்றே அவன் தலை வெட்டப்பட்டது.

கிறிஸ்தவத்தை ஏற்ற ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு நிலைமை வேகமாக மாறியது. 416-இல் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ், கிறிஸ்தவர் அல்லாதவரைப் படையில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே போட்டார். ஒரே நூற்றாண்டில் காட்சி தலைகீழானது. அந்தச் சூழலில்தான் அகுஸ்தீன் நியாயமான போர் என்ற சிந்தனைக்கு அடித்தளமிட்டார். 13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்வினாஸ் அதற்கு மூன்று நிபந்தனைகள் வகுத்தார்: முறையான அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். இதைப் போருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டாகவே பலர் நினைக்கிறார்கள். இந்த மரபு உண்மையில் போருக்குப் போடப்பட்ட வேலி. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார், போரில் கொன்றவர்களைக் கொலைகாரராகக் கருதாவிட்டாலும், மூன்று ஆண்டுகள் திருவிருந்திலிருந்து விலகியிருப்பது நல்லது என்று அறிவுரை தந்தார். நியாயமான போரிலும் கை கழுவப்பட வேண்டியதே என்ற அந்த உணர்வைப் பிற்காலச் சபைகள் இழந்தது பெரிய இழப்பு.

இந்த மரபு சாதாரணச் சேவகனிடம் என்ன எதிர்பார்த்தது என்பது இன்னும் முக்கியம். 16-ஆம் நூற்றாண்டின் ஸ்பானிய இறையியலாளர் பிரான்சிஸ்கோ டி விட்டோரியா, போர் அநியாயமானது என்று ஒரு குடிமகன் உறுதியாக நம்பினால், மன்னனே கட்டளையிட்டாலும் அவன் போகக் கூடாது என்று கற்பித்தார். அவர் கத்தோலிக்கர். 1526-இல் மார்ட்டின் லூத்தரும், போர்வீரர்கள் இரட்சிக்கப்பட முடியுமா என்ற சிறுநூலில் அதையே சொன்னார்: உன் தலைவன் தவறு செய்கிறான் என்று நிச்சயமாகத் தெரிந்தால், மனிதனைவிடத் தேவனுக்குப் பயந்து, போருக்குப் போகாதே. ஆனால் அகுஸ்தீன் முதல் லூத்தர் வரை எல்லோருமே பக்கத்தில் ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள்: சந்தேகம் இருந்தால் ஆட்சியாளனுக்கே சாதகமாக எடுத்துக்கொள், கீழ்ப்படி. அரசிடம் தகவல், சேவகனிடம் சந்தேகம் மட்டும் என்ற நிலையில், நடைமுறையில் அந்தப் பக்கக் கதவே பிரதான வாசலாகிவிட்டது.

அந்தக் கதவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1943 காட்டியது. ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடெகுண்ட் கிராமத்து விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர், மூன்று பெண் குழந்தைகளின் தகப்பன். போர் எல்லாமே பாவம் என்று சொல்லும் சமாதானவாதி அல்லர் அவர். ஹிட்லரின் போர் அநியாயமானது, அதில் நான் பங்கேற்க முடியாது என்பதே அவர் நிலைப்பாடு. மருத்துவப் பணிக்கு வரத் தயாராக இருந்தார். நியாயமான போர் என்ற போதனை அவரிடம் எதிர்பார்த்ததும் அதுதான். லின்ஸ் மறைமாவட்ட ஆயரிடம் ஆலோசனை கேட்டபோது, குடும்பத்தை நினை, ஆட்சியாளர்களின் செயலுக்குத் தனிக் குடிமகன் பொறுப்பல்ல என்ற திசையில்தான் பதில் கிடைத்தது. 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1997-இல் பெர்லின் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2007-இல் அதே லின்ஸ் நகரின் பேராலயத்தில் அவர் அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலைக்கு உயர்த்தி, அறிவிக்கப்பட்டார். அவர் கேட்ட கேள்விக்குச் சபை பதில் சொல்ல அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இனி உரிமையாக இது எப்படி மலர்ந்தது என்று பார்ப்போம். இதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது சிறிய சபைகளுக்கு. 1527-இல், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சீர்திருத்தக் குழுவினரான அனாபாப்டிஸ்டுகள் ஷ்லைட்ஹைம் அறிக்கையில், பட்டயம் தேவனால் நியமிக்கப்பட்டதே, ஆனால் அது கிறிஸ்துவின் பூரணத்துக்கு வெளியே இருக்கிறது என்று எழுதினார்கள். அவர்கள் வழிவந்த மென்னோனைட்டுகள், 1660-இல் இங்கிலாந்து மன்னரிடம் எல்லாப் போரையும் மறுத்து அறிக்கை கொடுத்த குவேக்கர்கள் என இவர்கள் சிறை சென்றும் நாடு விட்டு நாடு போயும் இந்த உரிமையைச் சம்பாதித்தார்கள். 1870-களில் ரஷ்யா கட்டாய இராணுவ சேவையை எல்லோருக்கும் விரிவுபடுத்தியபோது, ஆயிரக்கணக்கான மென்னோனைட்டுகள் நிலத்தை விட்டு வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

பிரிட்டன் 1916-இல் கட்டாய சேவையைக் கொண்டுவந்தபோது, அதே சட்டத்தில் மனச்சாட்சிக்கும் ஒரு விலக்குப் பிரிவு வைத்தது. சுமார் 16,000 பேர் அதைக் கோரினார்கள். உள்ளூர்த் தீர்ப்பாயங்கள் பலவும் இவர்களைக் கோழைகளாகவே நடத்தின. 35 பேரைப் பிரான்ஸுக்குக் கொண்டுபோய் மரண தண்டனை அறிவித்து, அடுத்த நொடியே அதைப் பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைத்தார்கள். உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ள விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. 1918-ஆம் ஆண்டின் தேர்தல் சட்டம் முதல்முறையாகப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. அதே சட்டம், மாற்றுப் பணியும் செய்யாத மறுப்பாளர்களின் வாக்குரிமையை ஐந்தாண்டுகளுக்குப் பறித்தது. போரிடாதவன் பாதிக் குடிமகன் என்பதை ஒரு நாடாளுமன்றம் எழுத்தில் வடித்த தருணம் அது.

அமெரிக்காவில் இது குடியுரிமை கொடுக்கலாமா என்ற வடிவில் எழுந்தது. 1929-இல், ஹங்கேரியில் பிறந்த ரோசிகா ஷ்விம்மர் ஆயுதம் ஏந்துவேன் என்று உறுதிகூற மறுத்ததால் உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. நீதிபதி ஹோம்ஸ் மாறுபட்டார்: மலைப்பிரசங்கத்தை நம்மில் சிலரைவிட அதிகமாக நம்புகிறார்கள் என்பதற்காகக் குவேக்கர்களை நாட்டைவிட்டுத் துரத்த முடியவில்லையே என்று நாம் வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை என்ற பொருளில் எழுதினார். இரண்டே ஆண்டில் அதைவிட வினோதமான வழக்கு வந்தது. கனடாவில் பிறந்த டக்ளஸ் மெக்கின்டோஷ், யேல் பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர். முதல் உலகப் போரில் இராணுவக் குருவாகப் பணியாற்றியவர். போரை முழுதாக மறுத்தவர் அல்லர். எதிர்காலப் போர் நியாயமானது என்று நான் நம்பினால்தான் ஆயுதம் எடுப்பேன், முன்கூட்டியே வாக்குக் கொடுக்க முடியாது என்றார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கும் குடியுரிமை மறுக்கப்பட்டது. 1946-இல் ஜிருவார்டு என்ற, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர் தொடுத்த வழக்கில்தான் நீதிமன்றம் இந்த நிலையைக் கைவிட்டது. ஆயுதம் ஏந்தாமலும் நாட்டுக்குச் சேவை செய்ய வழிகள் உண்டு என்று அப்போது ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே சபையைச் சேர்ந்த டெஸ்மண்ட் டாஸ் என்ற இராணுவ மருத்துவ உதவியாளர், துப்பாக்கியைத் தொடாமலேயே ஒகினாவாவில் காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராக இறக்கிக் காப்பாற்றி, நாட்டின் மிக உயர்ந்த இராணுவ விருதைப் பெற்றிருந்தார்.

இன்றைய நிலை என்ன? ஜெர்மனி 1949-இல் தன் அடிப்படைச் சட்டத்தின் நான்காம் பிரிவிலேயே, மனச்சாட்சிக்கு மாறாக ஆயுதப் போர்ச் சேவைக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எழுதியது. அப்போது அதற்கு இராணுவமே இல்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆயுதம் மறுப்போர் வேறு வகையில் சமூகத்துக்குப் பணியாற்ற ஒப்புக்கொண்டால் சட்டம் அவர்களை மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும் என்றது. ஐநா மனித உரிமைக் குழு 1993-இல், குடிசார் மற்றும் அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவிலிருந்தே இந்த உரிமை பிறக்கிறது என்று விளக்கியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011-இல், யெகோவாவின் சாட்சி ஒருவரை ஆர்மீனியா சிறையிலடைத்த வழக்கில் அதை உறுதிசெய்தது. பல்லாண்டுகளாக இளைஞர்களைச் சிறையில் தள்ளிவந்த தென்கொரியாவில், 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மாற்றுப் பணிக்கு வழிசெய்யச் சொன்னது. 2020 முதல் அந்தப் பணி நடைமுறைக்கு வந்தது: சிறைச்சாலைகளிலேயே தங்கி 36 மாதங்கள். தரைப்படைச் சேவையின் இருமடங்கு காலம் இது. இதை உரிமை என்பதா, வேறு பெயரில் தண்டனை என்பதா? என் கணக்கில் தண்டனைதான்.

செல்சஸும் ஏற்கக்கூடிய பதில் என்று முன்பு சொன்னேனே, அது இந்த மாற்றுப் பணியில் இருக்கிறது. ஜெர்மனியில் மறுப்பாளர்கள் பல தலைமுறைகளாக மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்தார்கள். 2011-இல் கட்டாய சேவை நிறுத்திவைக்கப்பட்டபோது, அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப அரசு புதிய தன்னார்வத் திட்டம் ஒன்றையே தொடங்க வேண்டியிருந்தது. இவர்களைச் சுமை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு: உரிமைகளை அனுபவித்துக்கொண்டு எதுவுமே செய்யமாட்டேன் என்பது கிறிஸ்தவ நிலைப்பாடு ஆகாது, கொல்லமாட்டேன், ஆனால் அதே அளவு காலமும் உழைப்பும் தருகிறேன் என்பது முழுக் குடிமகனின் பேச்சு.

இப்போது தொடக்கத்தில் சொன்ன முரணுக்கு வருகிறேன். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜில்லெட் வழக்கில், குறிப்பிட்ட ஒரு போரை மட்டும் மறுப்பவருக்கு விலக்கு இல்லை என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதனோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு வழக்கின் மனுதாரர் ஒரு கத்தோலிக்கர். நியாயமான போரையும் அநியாயமான போரையும் பிரித்தறிவது தன் சபை விதித்த கடமை, வியட்நாம் போர் அந்த அளவுகோலில் தேறவில்லை என்பதே அவர் வாதம். அமெரிக்க ஆயர்களே 1968-இல் இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பலன் இல்லை. அரசின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது: ஒவ்வொரு போரையும் ஒவ்வொரு வீரனும் வாக்கெடுப்புக்கு விட்டால் படை நடக்காது, அரசியல் கருத்தையும் மனச்சாட்சியையும் பிரித்தறிவதும் கடினம். ஆனாலும் அது முடியாத காரியமல்ல. ஈராக் போர் தொடர்பான பணியை மறுத்த ஒரு மேஜரின் மனச்சாட்சிச் சுதந்திரத்தை 2005-இல் ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் காத்தது. அந்தப் படை அதனால் கலைந்துபோய்விடவில்லை. அதைவிட எனக்கு வருத்தம் தருவது சபைகளின் அமைதிதான். நியாயமான போர் என்று பாடம் நடத்திவிட்டு, அநியாயமான போரை மறுத்து நிற்பவனை நீதிமன்றத்தில் தனியாக விட்டுவிடுவது எந்த வகைக் கற்பித்தல்?

ஆயுதப் படையில் பணியாற்றும் கிறிஸ்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் விசுவாசம் குறைந்தது என்று யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள், மாக்சிமிலியனே சொல்லவில்லை. ஆனால் யோவான்ஸ்நானகனின் மூன்று கட்டளைகள் உங்களுக்கானவை. கைதியைத் துன்புறுத்துவது, பொதுமக்களைத் தாக்குவது போன்ற கட்டளைகளை மறுப்பது உங்கள் கடமை. மேலதிகாரியின் கட்டளை என்பது மட்டுமே குற்றத்திலிருந்து விடுவிக்காது என்பது நியூரம்பெர்க் விசாரணைகளுக்குப் பின் சர்வதேசச் சட்டத்தின் நிலைப்பாடும்கூட.

கட்டாய சேவை உள்ள நாட்டில் உங்கள் வீட்டுப் பிள்ளையே இந்த முடிவின் முன் நிற்கிறான் என்றால், அழைப்பாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அழைப்பு வந்தபின் தோன்றிய மனச்சாட்சியைத் தீர்ப்பாயங்கள் நம்புவதில்லை. தான் என்ன நம்புகிறான், எப்போதிருந்து, அது தன் வாழ்க்கையில் எப்படித் தெரிகிறது என்பதை அவன் தன் சொந்த வார்த்தைகளில், தேதி போட்டு இப்போதே எழுதி வைக்கட்டும். சபையின் அறிக்கையை நகலெடுத்தால் அது அவனுடைய மனச்சாட்சி என்று யாரும் ஏற்க மாட்டார்கள். அவனை அறிந்த போதகர் அல்லது ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். ஆயுதமில்லாத இராணுவப் பணி, முழுக்கக் குடிமைப் பணி இரண்டில் எதை ஏற்பான் என்று முன்பே தீர்மானிக்கட்டும். இடையில் மாற்றினால் வழக்கு பலவீனமாகும். அந்த நாட்டுச் சட்டத்தில் எந்த விலக்கு உண்டு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். அவன் அரைமனதோடு இருந்தால், மறுக்கச் சொல்லியும் போகச் சொல்லியும் அவனை நெருக்காதீர்கள். விசாரணை அறையில் பதில் சொல்லப்போவது அவன்.